கழுத்து வளையம்

மங்கையர்க்கரசிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கோயமுத்தூரில் துணித் தொழில்நுட்பம் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். பாடம் நடக்கும்போது காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும், இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து படியோரம் போய் நின்றுவிடுவாள். கல்யாணமாகிப் புனேவுக்கு வந்து, கோந்த்வாவில் ஆறாவது மாடியில் வீடு வாங்கி, முப்பத்தாறு வயதான பிறகும் அந்தச் சுபாவம் மாறவில்லை. அப்படிப்பட்டவளைத்தான் அடுக்கடுக்கான துணிக்குள் இறக்கி, தலையில் கவசத்தை மாட்டிப் பூட்ட வேண்டியதாயிற்று.

கசார்வாடியில், பழைய மும்பை சாலையோரம் கோகுல்நாத்தின் பட்டறை இருந்தது. சென்னையிலிருந்து வந்து இருபது வருடமாகிவிட்ட இயந்திரப் பொறியாளர் அவர். தீயணைப்பு உடுப்புகளும், ரசாயன ஆலைகளுக்கான முழு அங்கிகளும் செய்துகொண்டிருந்தார். 2006 கடைசியில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று அவரைத் தேடி வந்தது. நிலவில் நடப்பதைப் பாலைவனத்தில் பழகிப் பார்க்கும் மாணவர் குழு ஒன்று அங்கே இருந்தது. அவர்களுக்கு இரண்டு பயிற்சி உடைகள் வேண்டும். ஒன்று சின்ன அளவு, ஒரு பெண்ணுக்கு. இன்னொன்று பெரிய அளவு, ஓர் ஆணுக்கு.

"நிஜமா நிலாவுக்குப் போற உடையா சார்?" என்று மங்கை கேட்டாள்.

"போகாது. ஆனா போற உடையில என்னென்ன கஷ்டம் உண்டோ, அதெல்லாம் இதுலயும் இருக்கணுமாம்" என்றார் கோகுல்நாத்.

அந்தக் கஷ்டங்களைத்தான் அவர்கள் நாலைந்து மாதமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பை ஒட்டி, மெல்லிய நீர்க்குழாய்களைப் பின்னிய ஒரு பனியன். உடல் சூடு வெளியேற வழியில்லாத உடை என்பதால் அதற்குள் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். அதன்மேல் காற்று கசியாத பூச்சுத் துணி. காற்றடைத்தால் அது பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும், முழங்கையை மடக்க முடியாது. ஆகவே அதை அமுக்கிப் பிடிக்க இன்னொரு முரட்டுத் துணி. முட்டியிலும் முழங்கையிலும் மடங்கி விரியும் மடிப்புகள். வெயிலையும் குளிரையும் தடுக்க, வெள்ளிப்பூச்சிட்ட மெல்லிய தாள்கள் சில. எல்லாவற்றுக்கும் மேலே, கல்லில் உரசினாலும் கிழியாத வெள்ளைத் துணி. அந்த மேல்துணி முழுக்க மங்கையின் தேர்வு. பதினோரு வகைத் துணிகளை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்து, சாதாரணக் கத்தரிக்கு அடங்காத ஒன்றை எடுத்திருந்தாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை மட்டும், கையைத் தூக்க வேண்டுமே என்று, மெத்தென்ற நைலான் பட்டை ஒன்றை வைத்திருந்தாள்.

தலைக்கவசமும் அது உட்காரும் அலுமினியக் கழுத்து வளையமும் கோகுல்நாத்தின் வேலை. வளையத்தைத் திருகினால் கவசம் கழலும். கவசம் கழன்றால்தான் முதுகிலிருக்கும் காற்றுப்பெட்டி கழலும். பெட்டி கழன்றால்தான் அதனடியில் ஒளிந்திருக்கும் ஜிப்பைத் திறக்க முடியும். ஒன்றுக்குப் பின் ஒன்று. இந்த வரிசை பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. உள்ளே இருப்பவர் தவறுதலாக எதையும் திறந்துவிட முடியாது என்பார்.

சின்ன உடை ஏப்ரலில் தயாரானது. அது பட்டறையில் ஒரே ஒருத்திக்குத்தான் பொருந்தியது.

"கால் மணி நேரம் போட்டு நடந்து பாரு, போதும்" என்றார் கோகுல்நாத்.

"நீங்க போட்டுப் பாருங்களேன் சார், பெரிசு வந்தப்புறம்?"

"எனக்கு பிபி இருக்கும்மா."

தளேகாவ் தாண்டி ஒரு கல்குவாரியில் சோதனை. நிலவில் கறுப்பாகத் தெரியும் சமவெளிகள் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. புனேயைச் சுற்றியிருக்கும் மலைகளும் அதே இனம்தான். நிலவில் காற்றும் நீரும் இல்லாததால், அங்கே தூசி மழுங்காமல் கண்ணாடிச் சில்லு மாதிரி கூராகவே கிடக்கிறது. அதற்கு இங்கே கிடைக்கும் நெருங்கிய சொந்தம், கல் உடைக்கும் எந்திரத்தின் அடியில் புதிதாகக் குவிந்திருக்கும் மாவு. அந்த மாவில் நடக்க வேண்டும், மண்டியிட வேண்டும், விழுந்து எழ வேண்டும், மண்வாரியால் அள்ள வேண்டும். பட்டியல் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தது.

ஆம்பூர்க்காரரான முகமது ரஃபீக் பட்டறையில் வெட்டும் தையலும் பார்ப்பவர். அவர்தான் அவளுக்கு உடையை மாட்டிவிட்டார். கவசம் 'களுக்' என்று உட்கார்ந்ததும் வெளியுலகத்தின் சத்தம் மொத்தமும் அறுந்தது. முதுகுப்பெட்டியின் விசிறி மட்டும் கொய்யென்று இரைந்தது. வேடிக்கை பார்க்க வந்த குவாரி ஆட்கள் வாயசைத்துச் சிரித்தார்கள். மங்கைக்கு அப்போதே கைகால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

நடப்பது என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் அடியும் உடையோடு மல்லுக்கட்டு. முட்டியை மடக்கினால் அது நிமிரப் பார்க்கிறது. கையுறைக்குள் விரலை மூடினால் அது திறக்கப் பார்க்கிறது. மண்டியிட்டாள். தூசி புகையாக எழுந்து முகத்துக்கு முன்னால் தொங்கியது. மல்லாந்து விழுந்து, புரண்டு, எழுந்தாள். மண்வாரியால் அள்ளிக் கொட்டியபோது காற்று எதிர்த்து அடித்து, பாதி மாவு அவள் தோளிலேயே விழுந்தது. மூக்கு நுனியில் ஊறல் எடுத்தது. சொறிய முடியவில்லை. உலகத்திலேயே பெரிய சித்திரவதை அதுதான் என்று அந்த நேரத்தில் நினைத்தாள்.

கடைசியாகக் குனிந்து நிமிர்ந்தபோது விசிறியின் சத்தம் மாறியிருந்தது.

"சார், விசிறி இழுக்க மாட்டாம இழுக்குதுங்க."

இயர்போன் வழியாகக் காதுக்குள் கோகுல்நாத்தின் குரல் வந்தது. "வடிகட்டியில தூசி அடைச்சிருக்கும். போதும், வந்துடு. கழட்டிடலாம்."

ரஃபீக் வளையத்தைப் பிடித்துத் திருகினார். அவர் தோள் இறுகுவது தெரிந்தது. வளையம் அசையவில்லை. கோகுல்நாத்தும் சேர்ந்து திருகினார். கவசமும் அவள் தலையும் உடம்பும் சேர்ந்து திரும்பினவே தவிர, வளையம் திரும்பவில்லை. கையுறை வளையங்களைத் திருகிப் பார்த்தார்கள். அவையும் கல்லாகியிருந்தன.

"என்னாச்சுங்க சார்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இறுகிடுச்சு. நீ அலட்டிக்காத."

அலட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் உள்ளே காற்று வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. தன் மூச்சே கண்ணாடியில் பட்டுத் திரும்பித் தன் வாய்க்குள் வந்தது. கண்ணாடியை உடைக்கச் சொல்லலாமா? அது சுத்தியலுக்கும் உடையாது. அதைச் சோதித்த அன்று கை தட்டியவர்களில் அவளும் ஒருத்தி. ஓட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடினாலும் இதையும் தூக்கிக்கொண்டுதானே ஓட வேண்டும்.

மைக் திறந்திருப்பதை மறந்து, கோகுல்நாத் ரஃபீக்கிடம் தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது. "வெட்டினா இத்தனை மாச வேலை போச்சு, ரஃபீக். ஜூன்ல கப்பல். எண்ணெய் விட்டுப் பாக்கலாம், கொஞ்சம் பொறு."

அதைக் கேட்டதும் அவளுக்கு ஏனோ மனம் சட்டென்று தெளிந்தது. பயம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்திலேயே கோபமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ரஃபீக் பாய்," என்றாள். அவர் காதில் இயர்போன் இல்லை என்பது நினைவு வந்தது. "சார், பாய்கிட்டச் சொல்லுங்க. என்னை வெட்டி வெளிய எடுங்க. இப்பவே."

"மங்கை, ரெண்டே நிமிஷம்..."

"ரெண்டு நிமிஷம் என்னால ஆகாதுங்க சார். விசிறி நிக்கப் போகுது."

ரஃபீக் அதற்குள் அவள் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். யாரும் சொல்லக் காத்திராமல் பெட்டி பிரிக்கும் கத்தியை எடுத்து வயிற்றுப் பக்கம் வைத்து இழுத்தார். கத்தி வழுக்கியது. மறுபடி இழுத்தார். வெள்ளைத் துணியில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். பட்டறையிலிருக்கும் பெரிய கத்தரி இருந்தால் வெட்டலாம். அது கசார்வாடியில் இருந்தது.

"அங்க வேண்டாம்! கக்கத்துல! கக்கத்துல வெட்டச் சொல்லுங்க, அங்க வெறும் நைலான்!" என்று கத்தினாள். கத்தியபடியே இடது கையை முடிந்தவரை தூக்கினாள். உடை கையைக் கீழே தள்ளியது. அவள் மேலே தள்ளினாள்.

கோகுல்நாத் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு "கக்கம், ரஃபீக், கக்கம்!" என்று தானும் கத்திக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். கூட்டம் நெருங்கியது. ரஃபீக் திரும்பாமலே "ஹட்டோ! ஹட்டோ!" என்று விலகச் சொல்லி அதட்டிவிட்டு, கத்தியின் நுனியைப் பட்டைக்குள் செருகிக் கீழ்நோக்கி இழுத்தார். நைலான் கிழிந்தது. உள்துணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடைசி இழுப்பில் கத்தி அவள் விலாவிலும் கோடு போட்டது. அந்த எரிச்சலோடு சேர்ந்து வெளிக்காற்றும் உள்ளே வந்தது. கல் மாவும் டீசல் புகையும் கலந்த காற்று. அதை அவள் வாய் நிறையக் குடித்தாள்.

இடுப்பு வரை கிழித்த பிறகு, தலையைக் கழுத்து வளையத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு, மூட்டைக்குள்ளிருந்து வருகிறவள் மாதிரி பக்கவாட்டில் வெளியே வந்து விழுந்தாள். விழுந்தவள் எழுந்து, நீர்க்குழாய் பனியனோடேயே குவாரியின் மறுகோடி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. விலாவில் போட்ட தையல் ஆறிவிட்டது. ஆனால் லிஃப்டின் கதவு மூடினால் வியர்த்தது. ஆறு மாடியும் படியேறினாள். குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளித்தாள். ஆட்டோவில் வெயிலுக்குப் படுதா இறக்கியிருந்தால் வேறு ஆட்டோ பார்த்தாள்.

வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவன் சூர்யநாராயணன் அதிகம் பேசாதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டேயிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அந்த வேலைய விட்டுப்போடு மங்கை. துணிக் கம்பெனிக்கா பஞ்சம் இந்த ஊர்ல?"

"விட்டுப்போடலாங்க. ஆனா அது எதனால சிக்குச்சுன்னு இன்னும் தெரியலையே."

"தெரிஞ்சு?"

"தெரியாம விட்டா இப்படியே நடந்துட்டுத்தான் இருப்பேன்."

மறுநாள் பட்டறைக்குப் போனாள். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிடச் சொல்லிவிட்டு, கிழிந்த உடையை மேசையில் கிடத்தி, ரஃபீக்கும் அவளுமாகக் கழுத்துப் பகுதியைப் பெரிய கத்தரியால் குறுக்கே வெட்டினார்கள். குற்றம் கோகுல்நாத்தின் வளையத்தில்தான் என்று அவள் மனசுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். வெட்டிப் பார்த்தால், வளையத்தைத் தூசியிலிருந்து காப்பதற்கென்று அவளே தைத்து வைத்த துணிப்பட்டி, சட்டைக் காலர் மாதிரி கீழிருந்து மேலே எழும்பி நின்றது. மேலேயிருந்து விழுந்த மாவு மொத்தமும் அந்தப் பட்டிக்குள் பையில் விழுவது போல விழுந்து தங்கியிருந்தது. முதுகுப்பெட்டியிலிருந்து வரும் குழாய் இணைப்பில் ஒழுகிய குளிர்நீரில் ஊறி, வளையத்தின் பற்களுக்கிடையே சிமெண்டாக இறுகியிருந்தது. கையுறை வளையங்களிலும் அவள் அதே மாதிரிப் பட்டியைத்தான் தைத்திருந்தாள்.

அவள் நகத்தால் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பார்த்தாள்.

கோகுல்நாத் வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப வளையத்துல தப்பு இல்ல" என்றார். குரலில் நிம்மதி தெரிந்தது.

"பட்டி என் தப்புங்க சார். அது கவசத்துலேர்ந்து கீழ தொங்கணும், கூரை விளிம்பு மாதிரி. மாத்தித் தைக்கறேன்." நிமிர்ந்தாள். "ஆனா வளையம் சிக்கினா ஆள் வெளிய வர வழியில்லையே, அது உங்க தப்பு. கவசம், பெட்டி, ஜிப்புன்னு ஒண்ண ஒண்ணு பிடிச்சிட்டு நிக்குது. உள்ள இருக்கறவங்களே திறக்கற மாதிரி ஒரு வார் வேணுங்க."

"அதுக்கு முழு முதுகையும் மாத்தணும். நேரம் எங்கம்மா இருக்கு? பட்டியை மாத்தினா வளையமே சிக்காதே."

"இன்னொண்ணு சிக்கும்."

"பாத்துக்கலாம்."

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "சார், அன்னிக்கு மைக் திறந்திருந்துச்சு. நீங்க பாய்கிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்க."

பட்டறையில் தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோகுல்நாத் மேசையில் கிடந்த துணித் துண்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"நான் என்ன..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"பெரிய உடை உங்க அளவுதாங்க. பட்டியை மாத்தித் தந்தர்றேன். நீங்க போட்டு நடங்க. அப்புறமும் வார் வேண்டாம்னு தோணுச்சுன்னா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் பிபியைப் பற்றிப் பேசவில்லை. "சரி" என்றார்.

மே கடைசியில், மழை வருவதற்குள், மறுபடி அதே குவாரிக்குப் போனார்கள். இந்த முறை பெரிய கத்தரி மங்கையின் கையில் இருந்தது. வெளியே நிற்பது சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். கவசம் பூட்டிய சத்தம் கேட்டதுமே கத்தரியை உறையிலிருந்து உருவிவிட்டாள். அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அவளும் கூடவே ஓரடி வைத்தாள். அவர் மண்டியிட்டபோது இவள் முட்டி வலித்தது. அவர் மல்லாந்து விழுந்து, எழ முடியாமல் ஆமை மாதிரி கையை வீசியபோது, கத்தரியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"மங்கை." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பேசு. ஏதாவது பேசிட்டே இரு."

என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. "கிழக்கால ஒரு லாரி நிக்குதுங்க சார். டிரைவர் தர்பூசணி வெட்டறாரு. பாய் அதையே பாத்துட்டு நிக்கறாரு. ரெண்டு துண்டு வாங்கி வெக்கச் சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"வலது பக்கம் புரளுங்க. முட்டியை ஊனுங்க. அவ்வளவுதான், எந்திரிச்சாச்சு. பட்டியலை விடுங்க சார், வந்துருங்க."

"இல்ல. மண்ணு அள்ளணும்."

அள்ளினார். அள்ளி முடித்து அவர் வந்தபோது, வளையத்தை ரஃபீக் திருகினார். முதல் திருகலில் நறநறவென்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. இரண்டாவதில் திறந்தது. புதுப் பட்டி தூசியைக் கீழே வழித்துவிட்டிருந்தது. கவசத்தைத் தூக்கினால், கோகுல்நாத்தின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து, ரஃபீக் நீட்டிய தர்பூசணியைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே இருந்தார்.

"அது இறுகல, மங்கை. நல்லாத்தான் திறந்துச்சு," என்றார் கடைசியில். "ஆனா திறக்கற வரைக்கும் திறக்குமான்னு தெரியாம இருந்தேன் பாரு... அதுதான்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கு நான் எண்ணெய் தேடிட்டு இருந்தேன்."

மங்கை கத்தரியை மடக்கி உறையில் போட்டாள்.

அன்று மாலையே அவர் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தார். ஓர் உடையை வெட்டி ஆளை வெளியே எடுக்க வேண்டி வந்ததையும், முதுகுப் பகுதியை முழுக்க மாற்றப் போவதையும், அதனால் மூன்று மாதம் தாமதமாகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் சத்தம் பலமாக இருந்தது, ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். புது அமைப்பில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு வார் வந்தது. உள்ளிருப்பவர் அதை இழுத்தால் முதுகுப்பெட்டி தனியாக விலகும், ஜிப் அவிழும். வளையத்தைத் தொடவே வேண்டாம்.

புதிதாகத் தைத்த சின்ன உடை மழைக்காலத்தின் நடுவில் தயாரானது. சோதிக்க வெளியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை அழைத்து வரலாம் என்றார் கோகுல்நாத். மங்கை வேண்டாம் என்றாள்.

"நிச்சயமாவா? யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல."

"தெரியுங்க சார்."

ஒரு வியாழக்கிழமை காலை, ஷட்டரைத் தூக்கிவிட்டு, சாலையைப் பார்க்க நின்றுகொண்டு போட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கவசம் பூட்டியதும் மழைச்சத்தம் நின்று, விசிறியின் இரைச்சல் காதை நிறைத்தது. பயம் போயிருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை, போகவும் இல்லை. கை தன்பாட்டில் வாருக்குப் போனது. இழுத்தாள். முதுகில் பெட்டி விலகி, ஈரக்காற்று தண்டுவடத்தில் பட்டது. பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்து, ஷட்டர் வரை நடந்தாள், திரும்பினாள்.

"மறுபடி மாட்டுங்க பாய்."

ரஃபீக் மாட்டினார். இழுத்தாள், வந்தாள். மூன்றாவது தடவை, வாரில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் இழுக்காமல் நின்றாள். நெடுஞ்சாலையில் லாரிகள் சத்தமில்லாமல் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஃபீக் கவலையோடு விரலை உயர்த்தி, போதுமா என்று சைகையில் கேட்டார். இன்னும் இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். கவசத்துக்குள் அது அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு இழுத்தாள்.

உடைகள் செப்டம்பரில் கப்பலேறின. கோந்த்வா வீட்டுக்கு அவள் இன்னமும் படியேறித்தான் போகிறாள். சூர்யநாராயணன் சில நாள் லிஃப்டை விட்டுவிட்டு அவளோடு ஏறுவான்; மூன்றாவது மாடியில் அவனுக்கு மூச்சு வாங்கும். அவள் மேலே போய்க்கொண்டேயிருப்பாள்.